அரை நாள் வேலை

நான்காவது தடவையாகத் தஞ்சாவூர் போய்த் திரும்பிய அன்று தைரியராஜ் காரை விட்டு இறங்கவில்லை. திருச்சி மேலப்புதூரில் வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இருதயமேரி பின் கதவைத் திறந்தாள். அவர் சீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வல்லத்துக்கு முன்னால் வாயில் கடித்த துண்டை இன்னும் எடுக்கவில்லை.

"ஏங்க, வீடு வந்திருச்சு" என்றாள்.

அவர் துண்டை எடுத்தார். "கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கிறேன் மேரி. நீ போய்க் காப்பி போடு."

அவள் போகவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழி முழுக்க வண்டியை அவள்தான் ஓட்டி வந்தாள். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டும் அளவுக்கு மெதுவாகத்தான் ஓட்டினாள். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்திலும் பின் சீட்டிலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சத்தத்தைத் தன் கையாலேயே அவரிடமிருந்து பிடுங்குவதுபோல இருந்தது.

தைரியராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்பு எலும்பில் கேன்சர். அது வேறெங்கோ ஆரம்பித்து எலும்புக்கு வந்ததாக டாக்டர் சொன்னார். அது எங்கே ஆரம்பித்தது என்பது இனி முக்கியமில்லை என்றும் சொன்னார். இருபது தடவை கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு தடவை தஞ்சாவூருக்கு வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வார்டில் இடம் இல்லை. முதல் தடவை ரயிலில் போனார்கள். ஜங்ஷன் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்தவரை இரண்டு போர்ட்டர்கள் தூக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு கார்தான்.

கார் அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபியட். இப்போது நடப்பது எண்பத்தொன்று. தைரியராஜ் நடத்திய டிரைவிங் ஸ்கூலின் ஒரே வண்டி அது. இடது பக்கத்திலும் பிரேக்கும் கிளட்ச்சும் வைத்திருந்தார். பதினெட்டு வருஷமாகத் திருச்சியில் எத்தனையோ பேர் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. இருதயமேரிக்கும் கல்யாணமான வருஷமே கொள்ளிடக் கரை ரோட்டில் சொல்லிக் கொடுத்தார். அவளுக்கு ஸ்ரீரங்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. குழந்தைகள் இல்லை.

அரை மணி நேரம் கழித்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். வீட்டுக்குள் போகாமல் வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். டிக்கியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். வண்டி மேலும் கீழுமாக நாலைந்து தடவை ஆடியது.

"பாத்தியா? ஒரு தடவை அமுக்கினா ஒரு தடவை எழும்பி நிக்கணும். இது தொட்டில் கணக்கா ஆடுது. ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு. ஸ்பிரிங்கும் உக்காந்துடுச்சு. ரெண்டையும் மாத்தாம இனி நான் ஏற மாட்டேன்."

இருதயமேரிக்கு அழுகை வந்தது. அது துக்கத்தால் வந்த அழுகை இல்லை. மூன்று மாதமாக யார் எதைச் சொன்னாலும் அதில் அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது சரிசெய்யக்கூடிய ஒரு சாமான் கிடைத்துவிட்டது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் பாலக்கரைக்குப் போனாள். நசுருதீன் அங்கே பட்டறையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் வைத்திருந்தார். அவரும் மாஸ்டரிடம் ஓட்டக் கற்றவர்தான். ஃபியட்டின் பின் சக்கரங்களுக்கு இரண்டு பட்டை ஸ்பிரிங் கட்டு, இரண்டு ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் எல்லாவற்றையும் அவரே எடுத்துவைத்து ரிக்‌ஷாவில் ஏற்றிக் கட்டினார்.

"வண்டியை இங்க கொண்டாந்து விட்டிருங்களேன் தங்கச்சி" என்றார்.

"அவரு வேற யாரும் கை வைக்கக் கூடாதுங்கிறாரு பாய். அவரு சொல்லச் சொல்ல நானே மாட்டணுமாம்."

நசுருதீன் ரிக்‌ஷாவில் கட்டிய கயிற்றை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார். "மாஸ்டர் சொன்னா சரி. இன்ஷா அல்லா நல்லபடியா முடியும்" என்று மட்டும் சொன்னார்.

கயிற்றுக் கட்டிலைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டு, மெத்தை விரித்து, அவரை அதில் படுக்கவைத்தாள். பழைய புடவையைத் தூக்கிச் செருகி, மேலே அவருடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வந்து எட்டிப் பார்த்து, "என்ன வேஷம்டி இது!" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் ஜாக்கியை எடுத்ததுமே அவர் தடுத்தார்.

"மண் தரையில ஜாக்கி வைக்காதே. பாரம் ஏற ஏற ஒரு பக்கமா இறங்கும். கெட்டியான பலகை வேணும்."

மாதாகோயில் தச்சரிடம் சொல்லிப் பலகை அறுத்து வாங்க இரண்டு நாளாயிற்று. பலகை வந்த அன்று, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாள். அவர் பார்த்துவிட்டு, செங்கல் பாரத்தில் நொறுங்கும், கட்டை வைக்க வேண்டும் என்றார். கட்டைக்கு இன்னொரு நாள். சக்கரத்தின் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும், தூக்கிய பிறகு தளர்த்தினால் வண்டி அசையும் என்றார். ஒவ்வொரு நட்டும் இறுகிக் கிடந்தது. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்துத்தான் தளர்த்தினாள்.

ஒரு வழியாக வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பியது. ஸ்கூலில் வைத்திருந்த இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைப் பாடியின் கெட்டியான இடமாகப் பார்த்து இரண்டு பக்கமும் நிறுத்தி, ஜாக்கியை மெதுவாக இறக்கி, பாரத்தை அவற்றின் மேல் உட்காரவைத்தாள்.

"ஜாக்கி தூக்கறதுக்குத்தான் மேரி, தாங்கறதுக்கில்ல. அதை நம்பி அடியில போகவே கூடாது. எத்தனை பேரு செத்திருக்கான் தெரியுமா? இப்ப வண்டியைப் புடிச்சுக் குலுக்கு."

"குலுக்கினா விழுந்துடாதா?"

"விழறதா இருந்தா இப்பவே விழட்டும். நீ அடியில போனப்புறம் விழக் கூடாது. இன்னும் நல்லாக் குலுக்கு."

அவள் இரண்டு கையாலும் பலம்கொண்ட மட்டும் குலுக்கினாள். வண்டி அசையவில்லை. கழற்றிய சக்கரங்களையும் பாடிக்கு அடியில் படுக்கப்போடச் சொன்னார். ஸ்டாண்டு வழுக்கினாலும் வண்டி அவற்றின் மேல்தான் விழும்.

அதன் பிறகுதான் அவள் முதல் தடவையாக ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்தாள். ஊர் ரோட்டு மண்ணெல்லாம் பத்தொன்பது வருஷமாக அங்கே அப்பிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை வைத்ததும் கட்டி கட்டியாகக் கண்ணில் உதிர்ந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு வேலை பாக்காதே. என் கண்ணாடியைப் போட்டுக்க" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைக்கச் சொன்னார். ஊறிய பிறகு மூன்றாம் நாளும் விடச் சொன்னார். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் அச்சு தன் இஷ்டத்துக்கு ஆடும் என்றார். யூ போல்ட்டைக் கழற்றும்போது அச்சுக்கு அடியில் ஜாக்கி நிற்க வேண்டும். அச்சு பிரேக் ஹோஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. புது ஷாக் அப்சார்பரை நிற்கவைத்து ஐந்தாறு தடவை இழுத்து அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்ட வேண்டும். பழைய ஸ்பிரிங் கட்டின் நடுப் போல்ட்டை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. பட்டைகள் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

எல்லாவற்றையும் அவள் கேட்டாள். தினமும் இரண்டு மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு அடியில் போவாள். அவர் பேசிக்கொண்டே இருப்பார். முதல் நாளே சித்திரை வீதியில் மாட்டு வண்டிக்குள் விட்ட வக்கீலைப் பற்றியும், கியர் போடும்போதெல்லாம் சுலோகம் சொன்ன ஐயங்கார் மாமியைப் பற்றியும், லைசென்ஸ் வாங்கிய கையோடு குவைத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து மாஸ்டருக்கு வாட்ச் அனுப்பிய அப்துல் மாலிக்கைப் பற்றியும் சொல்வார். காருக்கு அடியிலிருந்து அவள் சிரிப்பாள். சாயங்காலம் அவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். ஒரு நாள் ரசத்துக்கு உப்பு பத்தவில்லை என்று கோபப்பட்டார். நோய் வந்த பிறகு அவர் சாப்பாட்டில் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

தஞ்சாவூர் தேதிகள் ஒவ்வொன்றாகப் போயின. எக்ஸ்சேஞ்சிலிருந்தபடியே தஞ்சாவூர் ஆபரேட்டரிடம் கேட்டு ஆஸ்பத்திரிக்கு லைன் போட்டுப் பேசினாள். "இவ்வளவு இடைவெளி விடக் கூடாதும்மா, சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்று நர்ஸ் சொன்னாள். அதை வந்து அவரிடம் சொன்னபோது, "ஒரு பக்கம் ஸ்பிரிங் தொங்குது. எதுல போறது?" என்று கேட்டார். அன்றைக்கே, இடது பக்க யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி முடுக்கவில்லை, மறுபடி கழற்றிப் போடு என்றார். அவள் கழற்றிப் போட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கழற்றச் சொன்னார்.

மூன்றாவது வாரக் கடைசியில் இடது பக்கம் முடிந்தது. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்பிரிங்கின் இரண்டு முனைப் போல்ட்டுகளையும் அதன் பிறகே கடைசி முடுக்கு முடுக்கினாள். வண்டியின் பாரம் உட்கார்ந்த பிறகு முடுக்கினால்தான் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியாது என்று அவர் சொல்லியிருந்தார்.

வலது பக்கத்துக்கு ஒரு யூ போல்ட்டின் மரை போயிருந்தது. அதை மாற்றிக்கொண்டு வர மறுநாள் பாலக்கரைக்குப் போனாள். அன்று வெயில் தாங்கவில்லை. கடையில் நசுருதீன் மட்டும்தான் இருந்தார்.

"இன்னுமா முடியல?" என்று கேட்டார்.

"ஒரு பக்கம் முடிஞ்சிருச்சு பாய். இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆவும்."

"ரெண்டு மூணு வாரமா!" நசுருதீன் கையிலிருந்த போல்ட்டை மேஜைமேல் வைத்தார். "தங்கச்சி, இது அரை நாள் வேலை. காலையில ஆரம்பிச்சா மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் போறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"அவருக்கு யாரும் வண்டியைத் தொடுறது புடிக்காது..."

"நீங்க சாமான் வாங்கிட்டுப் போன மறுநாளே வந்தேன். நீங்க ட்யூட்டிக்குப் போயிருந்தீங்க. இங்கேயே வச்சு மாட்டிக் குடுத்துட்டுப் போறேன் மாஸ்டர்னேன். வேணாம்னுட்டாரு. போன வாரமும் வந்தேன். 'நசுரு, அவசரப்படாதே, அவ மெதுவாச் செய்யட்டும்'னாரு. ஆஸ்பத்திரி தேதி தப்புதே மாஸ்டர்னேன். சிரிச்சாரு."

இருதயமேரி போல்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மேலப்புதூர் வரை நடந்தே வந்தாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. பலகை, கட்டை, மூன்று நாள் மண்ணெண்ணெய், இரண்டு தடவை கழற்றி மாட்டிய யூ போல்ட் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அடியில் கிடந்து கை தோல் உரிந்தபோதெல்லாம், இன்னும் நாலு நாளில் தஞ்சாவூர் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை வேண்டுமென்றே அங்கே படுக்கவைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கொட்டகைக் கட்டிலில் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் எழுப்பவில்லை. சாப்பிடவும் இல்லை. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். இன்றைக்கே வலது பக்கத்தை முடித்துவிட வேண்டும், நாளைக் காலையில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் புறப்பட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. வலது பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றித் தள்ளி வைத்தாள். ஸ்டாண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அதை இழுத்தால் சத்தம் கேட்டு அவர் விழித்துக்கொள்வார், விழித்துக்கொண்டால் மறுபடி ஏதாவது சொல்லி நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள். ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட் ஒன்றுதான், ஐந்து நிமிஷம் ஆகாது. ஜாக்கி மட்டும் நிற்க, அவள் அடியில் போனாள்.

போல்ட் எளிதில் அசையவில்லை. ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மேலே வண்டி லேசாக முனகியது.

"மேரி!"

அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து அவள் கேட்டதே இல்லை.

"மேரி! ஸ்டாண்டு எங்கடி? வெளிய வா! வெளிய வா!"

"ஒண்ணும் ஆவாது, இருங்க" என்று அவள் அடியிலிருந்தே சொன்னாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டில் கிறீச்சென்றது. அவருடைய வெறுங்கால்கள் இரண்டும் தரையில் ஊன்றுவது தெரிந்தது. ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு பச்சைக் குச்சியை முறிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் அவள் கண்ணுக்கு நேராகத் தரையில் கிடந்தார்.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாக்கி அப்படியே நின்றது.

புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தொடை எலும்பு இரண்டாகப் போயிருக்கிறது என்றார்கள். காலில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருந்ததும்மா. கட்டில்ல திரும்பிப் படுத்திருந்தாலும் உடைஞ்சிருக்கும். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. ஆனா இனிமே தஞ்சாவூர் எல்லாம் நடக்காது. இந்த எலும்பு இனி ஒட்டவும் செய்யாது. வலி தெரியாம ஊசி போடலாம்."

எலும்பு கட்டிலில் திரும்பும்போது உடையவில்லை. எப்போது உடைந்தது என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள் ஊசியின் மயக்கம் தெளிந்த நேரத்தில் அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்காதபடி அவள் குனிந்து கேட்டாள்.

"அரை நாள் வேலைன்னு நசுருதீன் பாய் சொன்னாரு."

"ஆமா" என்றார்.

"ஏங்க அப்படிச் செஞ்சீங்க?"

"கரண்ட் வைக்க எனக்குப் புடிக்கல மேரி. அது என்னத்தைச் செய்யப் போவுது? அவங்களுக்கே தெரியும். ரெண்டு மணி நேரம் போக, ரெண்டு மணி நேரம் வர, அங்க பெஞ்சுல கிடக்க. வேணாம்னு நேராச் சொன்னா நீ விடுவியா? அழுதுகிட்டு ஃபாதரைக் கூட்டிட்டு வருவே. ஸ்பிரிங் சரியில்லைன்னா கேட்டுக்குவே."

"அப்ப ஸ்பிரிங்கால வலிக்கலையா?"

"நிக்கிற வண்டியிலயும் வலிச்சுதே. உன் ஓட்டு என்னைக்கும் நல்ல ஓட்டுதான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் மட்டும் ஸ்டாண்டு வச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"வச்சிருக்கணும்" என்றார் அவர். அவர் அவளுக்குப் பொய் சொல்லித் தேற்றவில்லை. "இனிமே வை."

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வேனில் வந்தார்கள். காலில் மரச் சட்டம் கட்டியிருந்தது. இனி எங்கேயும் போகப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொட்டகைப் பக்கத்து அறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டாள். அங்கிருந்து காரைப் பார்க்க முடியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "வலது பக்கம் அப்படியே கிடக்குதா?" என்று கேட்டார்.

"கிடக்குது."

"ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசுமா வண்டியை நிக்க விடாதே. கோணிப் போயிடும்."

மறுநாளிலிருந்து அவள் மூன்று மணிக்குக் கொட்டகைக்குப் போனாள். வியாகுலம்மாள் வந்து அவரருகில் உட்கார்ந்துகொள்வாள். பலகை, கட்டை, ஸ்டாண்டு, குலுக்கல், அடியில் சக்கரம் என்று ஒவ்வொன்றாகச் செய்துவிட்டே அடியில் போனாள். சாயங்காலம் வந்து அன்றைக்குச் செய்ததைச் சொல்வாள். அவர் கேட்பார். "மண்ணெண்ணெய் விட்டியா? எத்தனை நாள் ஊறுச்சு?" "ரெண்டு நாள்." "இன்னும் ஒரு நாள் விடு."

அவள் இன்னும் ஒரு நாள் விட்டாள். அவர் கேட்காத நாளிலும் விட்டாள். யூ போல்ட்டை மாட்டி, ஒரே முடுக்கில் இறுகிய நட்டை மறுநாள் கழற்றி மறுபடி முடுக்கினாள். இப்போது அவளுக்கும் அவசரம் இல்லை. ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் அவருக்கு விழிப்பு வருகிற ஒரு மணி நேரத்தில், அவர்களுக்குப் பேச இருந்தது அது ஒன்றுதான். வேறு எதைப் பேசினாலும் அது அடுத்த மாதத்தில் போய் முட்டி நின்றது.

இருந்தும் வேலை முடிந்துதான் போயிற்று. ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து வண்டியை இறக்கினாள். கடைசிப் போல்ட்டுகளை முடுக்கினாள். டிக்கியின் மேல் கையை வைத்து அமுக்கினாள். வண்டி ஒரே ஒரு தடவை எழும்பி நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனபோது, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"பின் முனைப் போல்ட் ஏறவே மாட்டேங்குது. நாளைக்குப் பாக்கணும்" என்றாள்.

"எண்ணெய் போடு. அடிச்சு ஏத்தாதே."

"சரிங்க."

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் கொட்டகையில் போய் உட்கார்ந்து, ஸ்பேனரால் பழைய ஸ்பிரிங் கட்டின் மேல் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தட்டுவாள், கொஞ்சம் நிறுத்துவாள், ஜாக்கியின் கைப்பிடியை வெறுமனே ஆட்டுவாள். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. மெக்கானிக் வேலை தெரிந்தவர் அவர். இரும்புச் சத்தத்தைக் கேட்டே அது என்ன வேலை என்று சொல்லிவிடக் கூடியவர். ஆனால் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் வியாகுலம்மாளிடம், "இன்னைக்கு ரொம்ப நேரமாச் சத்தம் கேக்கலையே, அவளைப் போய்ப் பாரு" என்று சொன்னாராம்.

செப்டம்பர் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, அவள் தட்டிக்கொண்டிருந்தபோது வியாகுலம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இருதயமேரி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது.

"கூப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லடி. கண்ணைத் திறந்து சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் தண்ணி எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான்."

பத்தடி தூரத்தில் வெறும் இரும்பைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்ற நினைப்பு அடக்கத்தின்போதும் அதற்குப் பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். இது பாவமே இல்லையம்மா என்றார் அவர். அதைக் கேட்டும் அவள் மனம் ஆறவில்லை.

நாற்பது நாள் கழித்து நசுருதீன் வந்தார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பட்டறையிலகூட இவ்வளவு சுத்தமா வேலை பாக்க ஆளில்ல தங்கச்சி. லால்குடிக்காரர் ஒருத்தர் விலைக்குக் கேட்டுக்கிட்டிருக்காரு, குடுத்திரலாம்தான். ஆனா நான் சொல்றேன், வித்திராதீங்க. நல்லா ஓடுற வண்டி. நீங்களே வச்சு ஓட்டுங்க."

"எங்க போறதுக்கு பாய்?" என்றாள் இருதயமேரி.

அவள் உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் எடுத்து வந்து கொடுத்தாள். சாயங்காலம் நசுருதீன் ஓர் ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.